பள்ளிக்கூடம் போன என் டி.வி.

என் மகன் குமரேசனுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி மல்லிகா மிச்சப் பாத்திரங்களை எடுத்துப் போக வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை வீடு காற்றோட்டமாக இருக்கிறதாம். புதுப் பள்ளியில் தலைமையாசிரியர் என்று உனக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறார்களாம். நீ அதில் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறாயாம். உட்கார். போட்டது உட்காரத்தான். நானும் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். இட்லிக் குண்டானை மூட்டை கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் மல்லிகா கேட்டாள். "அத்தே, அந்த டி.வி.ய இன்னா பண்றதுன்னு அவரு உங்களக் கேட்டுகினு வரச் சொன்னாரு." எந்த டி.வி. என்றேன். எந்த டி.வி. என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். "பழைய ஸ்கூல்லயே வுட்டுடலாமா, இல்ல அவரு புது ஸ்கூலுக்கு எட்த்துகினு போகட்டுமா, இல்ல..." என்று இழுத்தாள். "இல்ல?" என்றேன். "இல்ல, வூட்டுக்கே கொண்ணாந்துடலாமா." என் டி.வி. என் வீட்டுக்கு வருவதை மூன்றாவதாக வைத்துக் கேட்டு அனுப்பியிருக்கிறாய். இதை நான் மறக்க மாட்டேன்.

பதிலை மல்லிகாவிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் அதை நல்ல வார்த்தையாக மாற்றிவிடுவாள். அவளுக்கு அந்தக் குணம் உண்டு. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுத்து, கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி. இன்னொன்று. அடுத்த வாரம் சனிக்கிழமை உன் வாத்தியார்களை எல்லாம் உட்கார வைத்து, வகுப்பில் டி.வி.யும் ரேடியோவும் டேப்பும் எப்படி நடத்த வேண்டும் என்று பேசப் போகிறாயாமே. பேசு. ஆனால் பேசுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நீ சொல்லாமல் தாண்டிப் போகக்கூடிய இடங்களெல்லாம் இதில் இருக்கின்றன.

முதலில் அந்த டி.வி. யார் வாங்கியது என்று அவர்களுக்குத் தெரியட்டும். உன் தங்கை வசந்தா. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுக் கம்பெனியில் ஷிப்ட் போய், ரேடியோவுக்குள் வைக்கிற பச்சைத் தகட்டில் ஈயம் வைத்து வைத்து, விரல் நுனியெல்லாம் காய்த்து, ஓ.டி. பார்த்துச் சேர்த்து, கல்யாணமாகிப் போவதற்கு முன்னால் எனக்கென்று வாங்கி வைத்துவிட்டுப் போனது. "நான் போய்ட்டா நீ செவுத்தப் பாத்துகினு குந்தினு இருப்ப. அதுக்கு இதப் பாரு" என்றாள். கறுப்பு வெள்ளைதான். ஆனால் முன்பக்கம் இரண்டு மரக்கதவு உண்டு. இழுத்து மூடினால் அலமாரி மாதிரி இருக்கும், பூட்டிக்கூட வைக்கலாம். சாவி என் சுருக்குப் பையில். எதிர்வீட்டு சரோஜா வெள்ளிக்கிழமை பாட்டுப் பார்க்க வந்து, பாட்டெல்லாம் முடிகிற வரை பார்த்துவிட்டு, "நாங்க கலரு வாங்கப் போறோம்" என்றாள். இன்னும் வாங்கவில்லை. பார்க்கிறபோதெல்லாம் நான் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருஷம் பள்ளி திறந்த கையோடு நீ என் எதிரில் வந்து குந்தினாய். நீ நிற்கிறபோது வாத்தியார், குந்தினால் ஏதோ கேட்கப் போகிறாய் என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "யம்மா, ஒரு வாரம். ஒரே ஒரு வாரம். அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கு ஒரு பாடம் காட்டிட்டுக் கொண்ணாந்துடறேன்." ஸ்கூலுக்கு என்று கவர்மெண்டு கலர் டி.வி. கொடுத்ததே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது பொட்டியில கீதும்மா." "பொட்டியத் தொற." "ஹெட்மாஸ்டரு தொறக்க வுட மாட்டேங்கறாரு." அப்போது ஹெட்மாஸ்டர் அரங்கநாதன் ஐயா. அவர் ஓய்வு பெறுகிற வருஷமும் இதுதான். வந்த சாமான் வந்தபடியே இருந்தால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், திறந்து ஏதாவது கெட்டுத் தொலைந்தால் பென்ஷனில் கை வைப்பார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே தன் அறையில் வைத்து, குளிரடிக்கப் போகிறது என்பது போல மேலே ஒரு போர்வையும் போர்த்தியிருந்தார். அவர்மேல் எனக்கு முன்னமே ஒரு கோபம் உண்டு. வசந்தாவின் டி.சி. வாங்கப் போனபோது என்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பொடி போட்டார். எந்த விரலால் போட்டார் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆக, கவர்மெண்டு டி.வி. போர்வைக்குள் தூங்க, என் டி.வி. மூன்று சக்கர வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போனது. வண்டி திருப்பத்தில் மறைகிற வரை நின்றேன். வசந்தாவைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பியபோதுகூட நான் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. அவள் திரும்பி வருவாள் என்று தெரியும்.

வாரம் போயிற்று, டி.வி. வரவில்லை. கேட்டால், "பசங்க வுட மாட்டேங்கறாங்கம்மா" என்றாய். யார் அந்தப் பசங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று ஒரு வியாழக்கிழமை நானே கிளம்பி வந்தேன். பாட நிகழ்ச்சி வருகிற நாள் அது. ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, "என் டி.வி.யோடதான் போவேன்" என்றேன். "சரிம்மா, பாடம் முடியட்டும், எட்த்துகினு போலாம்" என்றாய். பிள்ளைகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், ரெட்டைச் சடை, பெயர் எஸ்தர் என்று பிறகு தெரிந்துகொண்டேன், "ஆயா, நீங்களும் அஞ்சாங்கிளாஸா?" என்று கேட்டது. "நான் டி.வி.க்கு அம்மா" என்றேன். ஒத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

அன்றைக்கு நீ செய்ததைத்தான் உன் வாத்தியார்கள் முதலில் கேட்க வேண்டும். டெல்லியிலிருந்து எந்த நாளில் எந்தப் பாடம் என்று ஒரு அச்சுத்தாள் வந்திருந்தது. அன்றைக்குத் தேனீ. நிகழ்ச்சி இங்கிலீஷில் வரும், பிள்ளைகளுக்குப் புரியாது என்று சத்தத்தை அடைத்துவிட்டு, நீயே தமிழில் சொல்வதாக ஏற்பாடு. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேனீயைப் பற்றி எழுதி வைத்திருந்தாய். டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். பிள்ளைகளையாவது பார்த்தாயா என்றால் அதுவும் இல்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாய். டெல்லிக்காரன் அன்றைக்குப் பாடத்தை மாற்றிவிட்டான். உனக்குத் தெரியாது. டி.வி.யில் பட்டுப்புடவை கட்டி, தடிமனான கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மேஜைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நீ பின்னால் கையை நீட்டி, "இதோ தெரியுது பாருங்க, இதான் ராணித் தேனீ. மத்த ஈய வுட இது பெருசு" என்றாய். பெரிதாகத்தான் இருந்தாள். "இது வேலைவெட்டிக்குப் போவாது. ஒக்காந்த எடத்துலயே இருக்கும். மத்ததுங்கதான் இதுக்கு எல்லாம் கொண்ணாந்து குடுக்கும்." ஒருத்தன் பணிவாக வந்து அவளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் கோட்டுப் போட்ட ஆபீசர்கள் வரிசையாக உட்கார்ந்து கை தட்டினார்கள். "இதுங்க ஆண் ஈ. கொடுக்கு கெடையாது. துன்னும், சுத்தும், அவ்ளோதான்" என்றாய். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, குமரேசா. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. டி.வி.யையும் பார்த்தார்கள், உன்னையும் பார்த்தார்கள், குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. பாடம் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. டி.வி. நனைந்துவிடும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாய். என் டி.வி.யைத் தராதவன் நிம்மதியாகத் தூங்கட்டும், பரீட்சை வரும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்குப் போனேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. நான் வழக்கம்போல டி.வி.யைக் கேட்க வந்து கடைசிப் பெஞ்சில் இருந்தேன். நீ தாள் திருத்திக்கொண்டிருந்தாய். சட்டென்று தலை தூக்கினாய். "எஸ்தர், எழுந்திரு. ராணித் தேனீ கண்ணாடி போட்டிருக்கும்னு எழுதிக்கீற. படத்துல பொட்டு வேற வெச்சிக்கீற. இன்னா இது?" "நீங்கதான சார் காமிச்சீங்க." "நானா?" "டி.வி.ல, சார். எல்லாருந்தான் எழுதிக்கீறாங்க." நீ அடுத்த தாளைப் புரட்டினாய், அதற்கடுத்ததைப் புரட்டினாய். எல்லா ராணிக்கும் கண்ணாடி. ஒருவன் மட்டும் தன் ராணிக்குக் கைப்பைகூட மாட்டி வரைந்திருந்தான். எப்படியோ உனக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாய், நான் கூரையைப் பார்த்தேன். மெதுவாகக் கேட்டாய், "ஏம்மா எஸ்தர், அன்னிக்கு டி.வி.ல பாத்தியே, உன் கண்ணு இன்னா சொல்லிச்சி?" அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "டீச்சர் மாதிரி ஒரு அம்மா குந்தினு கீறாங்கன்னு சொல்லிச்சி சார். ஆனா நீங்க ஈன்னு சொன்னீங்க." நீ தாளையெல்லாம் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாய். எழுந்துவந்து யாருக்கும் மார்க்கைக் குறைக்கவில்லை. அது ஒன்றுக்காக உன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தைக் கழித்தேன். கொஞ்சம்தான்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நீ வேறு ஆளாக இருந்தாய். காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய். டி.வி.க்கு முன்னால் நிற்காமல் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் போய் உட்கார்ந்தாய். சத்தத்தை அடைத்துவிட்டு, "இன்னா தெரியுதோ சொல்லுங்க. நான் சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன்" என்றாய். முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் என்ன நினைக்கிறார் என்று உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் ஒன்று பேசிற்று, இன்னொன்று மறுத்தது, பிடித்தது சண்டை. டி.வி.யில் ஏதோ மலையைக் காட்டினார்கள். அது பனி என்றது ஒன்று. உப்பு என்றது ஒன்று. "பனின்னா ஆடு எப்படி அங்க மேயும்? புல்லு எங்க?" என்று நானும் கேட்டேன். "ஆயா, அது ஆடு இல்ல, நல்லாப் பாருங்க, கல்லு" என்றான் ஒரு பொடியன். கல்தான். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. எல்லாரும் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு நீ சத்தத்தைத் திறப்பாய். இங்கிலீஷில் சொல்வதில் உனக்குப் புரிந்ததைச் சொல்வாய். புரியாத இடத்தில், "இது எனக்கும் தெரியலடா, பாத்துகினு வந்து சொல்றேன்" என்பாய். வாத்தியார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. கடைசியில் மரக்கதவை இழுத்து மூடுவாய். மூடிவிட்டு, "இப்ப வாங்க வெளிய போலாம். உள்ள பாத்தது வெளிய எங்க கீதுன்னு தேடலாம்" என்பாய். உன் வாத்தியார்களிடம் இதைச் சொல்: டி.வி.யைப் போடத் தெரிந்தவன் எவனும் வாத்தியார் ஆகிவிட முடியாது. எப்போது மூட வேண்டும் என்று தெரிய வேண்டும். கதவில்லாத டி.வி.யாக இருந்தால் ஒரு துணியையாவது போடுங்கள்.

தேடப் போனதால் வந்த வினையையும் சொல்லத்தான் வேண்டும். தேனீப் பாடம் பாக்கி நின்றுவிட்டதே என்று, பள்ளிக்குப் பின்னால் தேன்கூடு கட்டியிருக்கிற வேப்பமரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனாய். தூரத்தில் நின்று பாருங்கள் என்றுதான் சொன்னாய். கைப்பை வரைந்தவன் ராணிக்கு நிஜமாகவே கண்ணாடி இல்லையா என்று பார்ப்பதற்குக் கிட்டப் போய்விட்டான். மறுநாள் பாதி வகுப்பு வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நீ மேலுதட்டைத் தூக்க முடியாமல் பாடம் நடத்தினாய். எஸ்தருடைய அப்பா டேவிட் நைட் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். "சார், டி.வி.ல பாடம் நட்த்துங்க, வாணாங்கல. அத எதுக்கு சார் மரத்துல நட்த்துறீங்க?" நீ வீங்கிய உதட்டோடு சொன்னாய், "டி.வி.ல வர்ற ஈ கொட்டாது சார். அதான் அதுல கொறை." அந்த மனுஷனுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் எஸ்தர் தன் நோட்டைக் கொண்டுவந்து புதிதாக வரைந்த ஈயைக் காட்டிற்று. கால்களில் ஏதோ உருண்டை உருண்டையாக. "இன்னாடி இது, செருப்பா?" "பூவுல இருக்கற தூள்பா. கால்ல ஒட்டிகினு எட்த்துகினு போவுது. நான் பாத்தேன்." அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடி?" என்று கேட்டார். "அதெல்லாம் டி.வி.லதான்பா" என்றது. வந்த சண்டையை மறந்துவிட்டு மனுஷன் தூங்கப் போனார்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆயுத பூஜை முடிந்து சில நாள் ஆகியிருக்கும். அரங்கநாதன் ஐயா போர்வை போர்த்திய பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார். அது அப்படியே காய்ந்து தொங்கியது. வியாழக்கிழமை நான் வகுப்புக்குள் வந்தேன். என் டி.வி.யின் பக்கவாட்டில், வசந்தா துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த மரத்தில், பெஞ்சு நாற்காலிக்கெல்லாம் எழுதுவார்களே, அதுபோலப் பள்ளியின் பெயரையும் ஒரு நம்பரையும் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தது. தொட்டேன். ஈரம். கையெல்லாம் வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர், பள்ளிகளைப் பார்வையிடுகிற ஏ.இ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் பாடினார்கள். "இதான் சார் கவர்மெண்டு குட்த்த டி.வி. வாரந்தவறாம நடத்தறோம்" என்றார் ஹெட்மாஸ்டர். ஆபீசர் டி.வி.யைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுல கலர் டி.வி.ன்னு போட்டிருக்கே. இது கறுப்பு வெள்ளையா இல்ல இருக்கு?" அரங்கநாதன் ஐயா கண்ணை மூடித் திறக்கவில்லை. "கலராத்தான் சார் வந்துது. ஜன்னலண்ட வெச்சிருந்தோம். வெயில்ல வெளுத்துப் போச்சு."

நான் உன்னைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டரை நேரே பொய்யர் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன் பதவி உயர்வுக் காகிதம் அவர் மேஜையில் இருந்தது. ஒரு வார்த்தை நீ பேசாவிட்டால் என் டி.வி. ஜன்மத்துக்கும் சர்க்கார் சொத்து. நான் எழுந்து பெஞ்சைத் தள்ளியதற்கும் நீ வாயைத் திறந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது, ஆனால் அந்த நேரம் முழுவதும் நான் உன்னைப் பெற்றதற்கு வருத்தப்பட்டேன். அப்புறம் நீ ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பவில்லை, ஆபீசர் பக்கமும் திரும்பவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாய். வியாழக்கிழமை கேட்கிற அதே குரலில், "பசங்களா, இன்னா தெரியுதோ சொல்லுங்க" என்றாய்.

"சார், பெயிண்டு ஈரமா கீது சார்." "ஆயா கையில வெள்ளையா கீது." "ஹெட்மாஸ்டர் சார் சட்டையில கூட ஒரு சொட்டு கீது சார், பாக்கெட்டண்ட." "இந்த டி.வி.க்குக் கதவு கீது. சார் ரூம்புல ஒரு பொட்டி கீதே, அதுல போட்ருக்கற படத்துல கதவு இல்ல." எல்லாம் முடிந்த பிறகு எஸ்தர் எழுந்தது. ஹெட்மாஸ்டருக்கு மரியாதையாகக் கை கட்டிக்கொண்டு, "வெயில்ல வெளுத்தா சார், ஜன்னலண்டயே இருக்கற காலண்டர் இன்னும் கலரா கீது சார்" என்றது. கண்ணாடி போட்ட அம்மாளை ஈ என்று எழுதிய அதே பிள்ளைகள். குமரேசா, அன்றைக்கு உன் சம்பளமெல்லாம் நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆபீசர் என்னிடம் வந்து, "நீங்க யாரும்மா?" என்றார். வெள்ளைக் கையை விரித்துக் காட்டி, "சாவி எங்கிட்டதான் கீது" என்று சுருக்குப் பையிலிருந்து எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினேன். அரங்கநாதன் ஐயா பொடி போட்டார். அதே விரல்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஆபீசர் போர்வையை எடுக்கச் சொன்னார், பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே புத்தம் புதுக் கலர் டி.வி. பிள்ளைகள் சுற்றி நின்று மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஆபீசர் அதையும் பார்த்தார், என் டி.வி.யையும் பார்த்தார், தாளில் ஏதோ எழுதினார். "இங்கதான் ஒண்ணு நல்லா ஓடிக்கிட்டிருக்கே. அப்ப இது உபரி. இல்லாத ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்." நீ தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிப் பார்த்தாய், அது எங்கள் வீட்டு டி.வி. சார் என்று. "ரொம்ப நல்ல மனசும்மா உங்களுக்கு" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஜீப் ஏறினார். அடுத்த வாரம் ஆள் வந்து கலர் டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போனான். பெட்டி கையைவிட்டுப் போன சந்தோஷத்தில் அரங்கநாதன் ஐயா ஓய்வு பெற்றார். நல்ல மனசாம். யார் கேட்டது அவரை?

இப்போது நீ கேட்டதற்குப் பதில். டி.வி. பழைய பள்ளியில் இருக்கக் கூடாது. உன் புதுப் பள்ளிக்கும் வரக் கூடாது. என் டி.வி. ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிற வரைக்கும் சர்க்கார் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தன் டி.வி.யைத் தராது. தந்ததையும் பிடுங்கிக்கொண்டு போகும். உன் புதுப் பள்ளியிலும் ஒரு டி.வி. பிரிக்காமல் அட்டைப் பெட்டியில் இருக்கிறது என்று மல்லிகா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதை வைத்துக்கொண்டு என் டி.வி.க்கு வண்டி அனுப்பவா என்று கேட்கிறாயே, உனக்கு யார் ஹெட்மாஸ்டர் வேலை கொடுத்தது? நீ என்னுடையதைக் கொண்டுபோய் வைத்தால், உன் பெட்டியும் போர்வைக்குள் போகும். நீயும் ஒரு நாள் ஓய்வு பெறப் போகிறவன்தான். பயம் எல்லாருக்கும் வரும். ஆகையால் திங்கட்கிழமையே போய் டி.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டேவிட் ஷிப்ட் முடிந்து வந்து தூக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் வீடு வரைக்கும் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரும் அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எஸ்தர் மட்டும், "ஆயா, அப்ப வியாழக்கெழம?" என்றது. நான் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு ராத்திரி டி.வி. போடவில்லை.

நேற்று வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது அங்கே ஹெட்மாஸ்டராக வந்திருக்கிறவள் சுசீலா டீச்சர், சின்னப் பெண். "ஆயா, டி.வி.தான் வூட்டுக்குப் போய்டுச்சே, இன்னும் இன்னா வேணும்?" என்றாள். "கவர்மெண்டு டி.வி. எப்ப வரும்னு கேட்டுகினு போவ வந்தேன்" என்றேன். "அதெல்லாம் எழுதிப் போட்டாதான் வரும் ஆயா. எழுதுனாலும் எப்ப வருமோ." "எழுது. நான் குந்தினு கீறேன்." ஐந்தாம் வகுப்பில் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை. 'தயவுகூர்ந்து' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தாள். ஒன்றை அடிக்கச் சொன்னேன். எஸ்தரும் பசங்களும் சுற்றி நின்று, பெட்டிக்குள் இருந்த கலர் டி.வி.யை யார் வந்து, எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்த்ததையெல்லாம் சொன்னார்கள், அதையும் சேர்த்து எழுதியாயிற்று. டி.வி. வருகிற வரைக்கும் வியாழக்கிழமைதோறும் வருவேன் என்று சுசீலாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் வருமா, அடுத்த வருஷம் வருமா, எனக்கு அவசரம் இல்லை. என் ஞாபகத்தைப் பற்றித் தெரியாதவர்கள்தான் என்னைக் காக்க வைப்பார்கள்.

உன் அறையில் இருக்கிற பெட்டியை நீ அடுத்த வாரமே பிரி. சனிக்கிழமை கூட்டத்தில், உன் வாத்தியார்கள் கண்ணெதிரில், அவர்கள் கையாலேயே பிரிக்க வை. கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும்; பிள்ளைகள் பார்த்துக் கெட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். பிரித்த செய்தியை மல்லிகாவிடம் சொல்லி அனுப்பாதே, நீயே எழுது. பதில் வரவில்லை என்றால், பிரிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன். நம் ஊர் ஸ்டாப்பில் விசாரித்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டைக்கு நேர் பஸ் இருக்கிறதாம். வியாழக்கிழமைதான் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை சும்மாதான் இருக்கிறேன்.